டி.என்.ஏ. மீள்வரிசைகளும் சிறுமூளைத் தள்ளாட்ட நோயும்

மீள்வரிசை என்பது யாது?

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும் வேதிக்கூறுகளின் நீண்ட வரிசையாகும். சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் அடுத்தடுத்துப் பன்முறை வரும், இதுவே மீள்வரிசை. இது எல்லா மனிதரிடமும் பிற உயிரினங்களிடமும் இயல்பாக உள்ளது. இந்திய அறிவியலாளர் லால்ஜி சிங் கட்டுவிரியன் இனப் பாம்பில் ஆராய்ந்த 'ஜி.ஏ.டி.ஏ.' மீள்வரிசை எலியிலும் மனிதரிலும் காணப்படுகிறது. ஆகவே, மீள்வரிசை இருப்பது நோயன்று.

எப்போது நோயாகிறது?

குறிப்பிட்ட சில மரபணுக்களில் எண்ணிக்கை வரம்பைக் கடந்தால் நோய் தோன்றும். எஸ்.சி.ஏ. 1 எனப்படும் சிறுமூளைத் தள்ளாட்ட நோய் இவ்வகையது. அட்டாக்சின்-1 மரபணுவில் 'சி.ஏ.ஜி.' தொடர் பொதுவாக 35 முறை வரை இருக்கும். இடையறாது 39 முறையோ அதற்கு மேலோ வந்தால், உருவாகும் புரதம் சிறுமூளை நரம்பணுக்களைப் படிப்படியாகச் சிதைக்கிறது. எலியின் இதே மரபணுவில் இத்தொடர் இரண்டு முறை மட்டுமே உள்ளது. ஆய்வகத்தில் அதனை 154 ஆக நீட்டியபோது எலிக்கும் இந்நோய் உண்டாயிற்று.

தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே எஸ்.சி.ஏ. 1 மிகுதியாகக் காணப்படுவதை 2005-ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வு பதிவு செய்துள்ளது.

அறிகுறிகள்

• நடையில் தள்ளாட்டம், அடிக்கடி விழுதல்
• பேச்சுக் குழறல்
• விழுங்கும்போது புரையேறுதல்
• கை இலக்குத் தவறுதல். நெசவாளர்கள் தறி மிதிக்கும்போதோ இழை பிணைக்கும்போதோ இதை முதலில் உணரக்கூடும்.

மதுப்பழக்கம், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றாலும் தள்ளாட்டம் வரலாம். இவற்றுள் பல சிகிச்சைக்கு உட்பட்டவை. எனவே, பரம்பரை நோய் எனத் தாமே முடிவு செய்தல் கூடாது.

பரம்பரைத் தன்மை

பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. தந்தை வழியில் எண்ணிக்கை மேலும் கூடி, அடுத்த தலைமுறையில் இளவயதிலேயே நோய் தொடங்கலாம். இது தொற்றுநோய் அன்று. தெய்வக் குற்றமும் அன்று. உறவுமுறைத் திருமணம் இதற்குக் காரணமில்லை. மருமகளின் மீதோ தாயின் மீதோ பழி சுமத்துதல் தவறு.

பரிசோதனை

இரத்தப் பரிசோதனையில் மீள்வரிசையின் எண்ணிக்கை கணக்கிடப்படும். அறிகுறி இல்லாத உறவினர், மரபியல் ஆலோசனை பெற்ற பின்னர், தம் விருப்பத்தின் பேரில் மட்டுமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அறிந்துகொள்ளாமல் இருப்பதும் அவரது உரிமையே. அறிகுறியற்ற, 18 வயது நிறையாதோருக்குப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை.

பராமரிப்பு

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கைப்பிடிக் கம்பிகள், நிமிர்ந்து அமர்ந்து சிறு கவளமாக உண்ணுதல் ஆகியவை விழுதலையும் புரையேறுதலையும் குறைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் அடங்கும்; தகுதியுடையோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கு அணுகலாம்?

மாகறல் சுற்றுவட்டாரத்தினர் முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். தேவைக்கேற்பக் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கோ பரிந்துரைக்கப்படுவர். குடும்பத்தில் எவரெவருக்கு, எந்த வயதில் தள்ளாட்டம் தொடங்கியது என்பதை எழுதி எடுத்துச் செல்வது நோயறிய உதவும்.