ஜாக்கி ஸ்டாண்டு

ஜாக்கியால் தூக்கிய காரையோ ஜீப்பையோ அதே உயரத்தில் தாங்கி நிற்கும் இரும்புக் கால் ஜாக்கி ஸ்டாண்டு. ஆக்ஸில் ஸ்டாண்டு என்றும் சொல்வார்கள். தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது ஸ்டாண்டின் வேலை. வண்டி வாங்கும்போது ஸ்டெப்னியோடு கிடைக்கும் ஜாக்கி, வழியில் சக்கரம் மாற்றுவதற்காக மட்டுமே செய்யப்பட்டது. பாட்டில் ஜாக்கியும் டிராலி ஜாக்கியும் எண்ணெய் அழுத்தத்தில் நிற்பவை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ வால்வில் தூசி சிக்கினாலோ வண்டி கீழே இறங்கிவிடும். சில சமயம் மெல்ல இறங்கும், சில சமயம் ஒரே மூச்சில் விழும்.

ஜவ்வாது மலையில் ஸ்டாண்டின் தேவை சமவெளியைவிட அதிகம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூருக்கும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கும் சாலைகள் வளைந்து வளைந்தே ஏறுகின்றன. ஏற்ற இறக்கத்தில் ஓடும் வண்டியில் பிரேக்கும் ஸ்பிரிங் பட்டையும் புரொப்பெல்லர் தண்டின் இணைப்பான யு.ஜே. கிராஸும் சீக்கிரம் தேயும். இவற்றைப் பார்க்க வண்டிக்கு அடியில் போயாக வேண்டும். பெரிய பட்டறைகள் அடிவார ஊர்களில் இருப்பதால், சாமை மூட்டை ஏற்றும் பிக்கப்பை வீட்டு வாசலிலேயே தூக்கிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

அந்த வாசல் சரிவாக இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்டாண்டும் காப்பாற்றாது. 11 அடிக்கு ஒரு அடி ஏறும் சரிவு கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும். ஆனால் ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ள பொலீரோ ஜீப்பை அது சுமார் 145 கிலோ விசையோடு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டு செங்குத்தாக வரும் எடைக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும்.

பிரேக்கும் கியரும் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரத்தால் ஓடும் பொலீரோவின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியர் உதவாது. டிஃபரன்ஷியல் வழியாக, தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும். முன்சக்கரத்தால் ஓடும் ஆல்டோ போன்ற கார்களில் முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் ஒன்றே மிச்சம். ஆகவே முதலில் சமதளமான, கெட்டியான தரை. பிறகு தரையில் இருக்கும் சக்கரங்களின் இருபுறமும் மரக்கட்டை. அதற்குப் பிறகுதான் ஜாக்கி. மழை பெய்து ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால்கள் புதையும். கனமான இரும்புத் தகட்டையோ தடித்த பலகையையோ அடியில் போட வேண்டும்.

ஸ்டாண்டில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது. பல் வகையில் நடுத்தண்டின் பற்களில் ஒரு கொக்கி மாட்டிக்கொள்ளும். பின் வகையில் தண்டின் துளை வழியாக ஒரு தடித்த பின் போகும். திருகு வகையில் தண்டைச் சுற்றிச் சுற்றி உயர்த்தலாம். பல் வகை வேகமாக ஏறி இறங்கும், ஆனால் கொக்கி பல்லில் முழுதாக அமர்ந்ததா என்பது வெளியே தெரியாது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் சுமார் 17 லட்சம் 2020-ல் திரும்பப் பெறப்பட்டன. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்திருந்ததால், சுமையோடு நிற்கும்போது கொக்கி பல்லைவிட்டு நழுவக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையும் அதே ஆண்டில் வெல்டிங் குறையால் திரும்பப் பெறப்பட்டது. புதியது என்பதாலேயே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பின் வகையோ, பல்லோடு கூடுதல் பின்னும் உள்ள வகையோதான் வீட்டு வேலைக்கு ஏற்றது. பின் தொலைந்தால் கட்டுமானக் கம்பியைச் செருகி ஒப்பேற்றக் கூடாது. அது அந்த எடைக்கு அளவெடுத்துச் செய்ததல்ல.

ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் அளவு சில தயாரிப்புகளில் ஒரு ஜோடிக்கானது, சிலவற்றில் ஒன்றுக்கானது. லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்பது வண்டியின் ஒரு பக்கம் மட்டுமே என்றாலும், முழு எடையையும் தாங்கும் ஜோடியையே எடுப்பது நல்லது. பிக்கப்பின் சுமையை முன்பே இறக்கிவிட வேண்டும். கால்கள் அகலமாக விரிந்திருக்கட்டும். தண்டை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு ஆட்டம் கூடும். வெல்டிங் விட்டுவிட்டு இருந்தாலோ, துருவேறிக் கீறல் விழுந்தாலோ ஒதுக்கிவிட வேண்டும். பழைய குழாயையும் ஆங்கிளையும் வைத்து உள்ளூரில் வெல்டிங் செய்து வாங்குவது மலிவுதான், ஆனால் அது எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

பொலீரோ போன்ற வண்டிகளில் சேசிஸ் சட்டத்திலோ ஆக்ஸில் ஹவுசிங்கிலோ ஸ்டாண்டைக் கொடுக்கலாம். சட்டமில்லாத சிறு கார்களுக்கு வண்டிப் புத்தகத்தில் குறித்த இடங்கள் மட்டுமே. வண்டியை மெல்ல இறக்கி அமர்த்தி, வெளியே நின்று கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் நுழைய வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தால், ஸ்டாண்டு தவறினாலும் உடல் நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்கும் பொருள்களே அல்ல. இரும்பு வளைந்து எச்சரிக்கும். ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். மலையில் எளிதாகக் கிடைக்கும் உருண்டைக் கல் உருளும். நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி கைக்கு வரும்வரை வண்டியைத் தூக்காதீர்கள். அடிவாரத்தில் பள்ளம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே அடியில் இறங்கிப் பாருங்கள்.