ஆடிகளில் பிம்பம்: கோலசிலாங்கூர் வட்டாரம்

ஆடி என்பது தன்மேல் விழும் ஒளியைச் சிதறவிடாமல் ஒழுங்காகத் திருப்பும் வழவழப்பான பரப்பு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற ஒரே விதி எல்லா ஆடிகளுக்கும் பொருந்தும். பிம்பம் பெரிதா சிறிதா, நேரா தலைகீழா என்பதைப் பரப்பின் வடிவமும் பொருள் இருக்கும் தொலைவும் முடிவுசெய்கின்றன. மலேசியாவின் கோலசிலாங்கூரிலும் அதைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் சமதள ஆடி, குழியாடி, குவியாடி ஆகிய மூவகை ஆடிகளும் வாழ்வோடு கலந்தவை.

சமதள ஆடி

மனிதர் கண்ட முதல் ஆடி அசையாத நீர். கி.மு. 300 அளவில் எழுந்த யூக்ளிடின் ஒளியியல் நூலில் சமகோண விதி வடிவியலாக இடம்பெற்றது. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி மிகக் குறுகிய வழியில் செல்வதால்தான் கோணங்கள் சமமாகின்றன என்று கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோ விளக்கினார்.

ஜெராமை அடுத்த சசாரான் கரைக்கு அப்பால், மலாக்கா நீரிணையில் ஒரு மணல்திட்டு உண்டு. 'ஸ்கை மிரர்' என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகள் படகேறிச் செல்லும் இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் கடல் நன்றாக வற்றும்போதுதான் அது வெளிப்படும். மணல்மேல் தங்கும் மெல்லிய நீர்ப்படலமே ஆடி. அங்கு நிற்பவரின் மாய பிம்பம் (திரையில் பிடிக்க முடியாத பிம்பம்) அதே உயரத்தில், பாதத்தோடு பாதம் ஒட்டித் தலைகீழாகத் தெரியும். செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டையே நீர் திருப்பும். ஒளி சாயச் சாய அந்த அளவு கூடும். படம் பிடிப்பவர்கள் கேமராவை நீரோடு ஒட்டித் தாழ்த்திப் பிடிப்பது இதனால்தான். காற்று வீசினால் சிற்றலையின் ஒவ்வொரு சரிவும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்ப, பிம்பம் கலைந்துவிடும்.

குழியாடி

கி.மு. 200 அளவில் டயோக்ளிஸ், பரவளையக் குழியாடி இணைகதிர்களைக் குவியம் எனப்படும் ஒரே புள்ளியில் குவிக்கும் என நிறுவினார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் கோள ஆடிகளையும் பரவளைய ஆடிகளையும் விரிவாக ஆராய்ந்தார். 1668இல் நியூட்டன் உலோகக் குழியாடியால் தொலைநோக்கி செய்தார். கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் வேதிமுறையை 1835இல் லீபிக் கண்டறிந்த பின், தரமான ஆடிகள் மலிவாயின.

குவியத்துக்குள் இருக்கும் பொருளுக்குக் குழியாடி பெரிதான, நேரான மாய பிம்பம் தரும். குவியத்துக்கு அப்பால் இருப்பதற்குத் திரையில் பிடிக்கக்கூடிய, தலைகீழான மெய் பிம்பம் தரும். விளக்கைக் குவியத்திலேயே வைத்தால் ஒளி இணைகற்றையாக நீளும். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கு இந்த வகையே. கார்பைடில் தண்ணீர் சொட்ட எழும் அசிட்டிலீன் வாயு சுடராக எரியும். பின்னாலுள்ள பளபளப்பான குழித்தகடு அவ்வெளிச்சத்தை வெட்டுப்பட்டையின் மேல் சேர்க்கும். குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக வடிவதால் இருட்டு வேலை தவிர்க்க முடியாதது. 18ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்களும் குழியாடிகளையே நம்பின. 1823இல் ஃப்ரெனெல் வில்லை வந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தியிலுள்ள அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் வில்லைகளின் காலமான 1907இல் கட்டப்பட்டது.

குவியாடி

வெளிப்புறம் புடைத்த ஆடி, பொருள் எங்கிருந்தாலும் சிறிய, நேரான மாய பிம்பமே தரும். பரந்த காட்சியைச் சிறு வட்டத்துக்குள் அடக்குவதால், செம்பனை மறைக்கும் தோட்டச் சாலைத் திருப்பங்களுக்கு ஏற்றது. 3 மீட்டர் வளைவு ஆரமுள்ள ஆடியின் குவியத்தொலைவு அதில் பாதி, 1.5 மீட்டர். 30 மீட்டருக்கு அப்பால் வரும் குலை லாரி அதில் 21இல் ஒரு பங்கு அளவாகவே தெரியும். பிம்பம் ஆடிக்குப் பின்னே சுமார் 1.43 மீட்டரில் அமையும். சிறிதாகத் தெரிவதைக் கண் தொலைவென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே குவியாடி வண்டி வருகிறதா என்று அறிய உதவும்; எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க அதை நம்பக்கூடாது.