பேசும் பெட்டிகளும் பேசாத பிள்ளைகளும்

பினாங்கு மாநில அருங்காட்சியகம் என்று நாம் அறிந்திருக்கும் ஃபார்குவார் தெருக் கட்டடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. 1816 அக்டோபர் 21 அன்று பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல், 1928-இல் கிரீன் லேனுக்குக் குடிபெயரும் வரை நெடுங்காலம் அந்தத் தெருவில்தான் நடந்தது. அந்தப் பள்ளியில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016-இல் அதற்கு இருநூறாம் ஆண்டு விழாவும் எடுத்தோம். ஆக, இந்த ஊரில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின் கீழ்தான் படிப்பாயின.

பிறகு பாதைகள் பிரிந்தன. 1852-இல் செயின்ட் சேவியர் பள்ளியும் லைட் தெருக் கான்வென்ட்டும் வந்தன. அங்கெல்லாம் கணக்கும் பூகோளமும்கூட ஆங்கிலத்தில்தான். காலை முதல் மதியம் வரை காதில் விழுவது ஆங்கிலம், பதில் சொல்ல வேண்டியதும் ஆங்கிலம். கருவி ஏதும் இல்லாமலே அந்தப் பிள்ளைகள் பேசினார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிய தமிழ்ப் பையன் கிராணி வேலைக்குப் போனான், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மேசை கிடைத்தது. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் தமிழ்ப்பள்ளியோடு நின்றார்கள். ஆங்கிலம் பேசும் ஆள் ஒருவரைக்கூட அறியாமல் வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். இயந்திரத்தால் ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சிகளை நான் எப்போதும் இந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்றே பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பிறகு அவர்களுக்கே ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள்.

முதலில் வந்தது குரல். லண்டனின் லிங்குவாஃபோன் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மொழிப்பாடங்களை இசைத்தட்டில் விற்கத் தொடங்கிவிட்டது. பிபிசி 1943-இல் வானொலி வழி ஆங்கிலப் பாடத்தை ஆரம்பித்தது. போர் முடிந்து 1946-இல் ரேடியோ மலாயா எழுந்த பின், பள்ளிகளுக்கான ஒலிபரப்பும் வந்தது. நல்ல உச்சரிப்பு கடல் கடந்து வகுப்பறைக்குள் வந்தது பெரிய காரியம்தான். ஆனால் இசைத்தட்டும் வானொலியும் பேசுமே தவிர, பிள்ளை பேசுவதைக் கேட்காது.

1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய்க்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மாற்றம் மேலே ஏறியது. தேசிய மொழி எல்லாப் பிள்ளைகளையும் இணைக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. அதே சமயம், நாள் முழுவதும் ஒலித்த ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் கருவிகள் அடுத்தடுத்து வந்தன என்பது என் கணிப்பு.

1972 ஜூன் 19 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள், மொழிக்காகவே ஓர் ஆண்டு கூடுதலாகப் புகுமுக வகுப்பில் உட்கார்ந்த காலம் அது. தொலைக்காட்சி கதவு வைத்த மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி ஆசிரியரிடம். நிகழ்ச்சி நேரம் வந்ததும் நாங்கள் வரிசையாகப் போய்த் தரையில் உட்காருவோம். கறுப்பு வெள்ளையில் ஓர் அறிவிப்பாளர் கேள்வி கேட்பார், சற்றே நிறுத்துவார், பிறகு பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அந்த இடைவெளியில் நாங்கள் வாய்க்குள் முணுமுணுப்போம். யாருடைய பதில் சரி என்று சொல்ல அந்தப் பெட்டிக்கு வழியில்லை. மணி அடித்ததும் கதவு சாத்தப்படும், அடுத்த பாடத்துக்கு ஓடுவோம்.

இந்தப் போக்கை முதலில் மாற்றியது ஒலிநாடா. பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் மொழிக்கூடங்கள் வந்தன. தலையில் ஒலிவாங்கி மாட்டி, பேசிப் பதிந்து, தன் குரலைத் தானே கேட்கலாம். தமிழ்ப்பள்ளிக்கு அந்த வசதி எட்டவில்லை. நான் ஆசிரியையான புதிதில் பாசார் தெருவில் பாட்டுக் கேசட் விற்கும் கடையில் வெற்று நாடா வாங்கி, பிள்ளைகளை வாசிக்கவைத்துப் பதிந்தேன். தங்கள் குரல் திரும்ப ஒலித்தபோது வகுப்பே வாயடைத்துப் போனது. அடுத்த நாள், ஒருபோதும் வாய் திறக்காத பையன் கையை உயர்த்தி, “டீச்சர், இன்னொரு தடவை பேசட்டுமா?” என்றான். ஆனால் ஒரே பெட்டிக்கு முன்னால் ஒரு வகுப்பு முழுக்க நின்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைப்பதே பாடு.

2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை வந்தபோது, கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் எல்சிடி படவீழ்த்தியும் குறுந்தட்டுகளும் தந்தது. தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் வண்ணப் படங்கள் அசைந்தன, கதாபாத்திரங்கள் ஆங்கிலத்தில் பேசின. 2009-இல் அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று அறிவித்தார்கள். பிறகு வந்த இணையக் கற்றல் தளமான ஃபிராக் 2019-இல் விடைபெற்றது, கூகுள் வகுப்பறை அந்த இடத்துக்கு வந்தது. திரை பளபளப்பானது, பாடம் அழகானது. பிள்ளை மட்டும் 1972-இல் நாங்கள் இருந்ததுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடின. இயங்கலை வகுப்பு என்றால் என்னவென்று ஒரே வாரத்தில் கற்றோம். நேரலையில் முகங்களைவிடக் கறுப்புக் கட்டங்களே அதிகம் தெரிந்தன. அதனால் பலர் வாட்ஸ்அப்பில் சிறு காணொலிகளுக்கு மாறினோம். என் வாயை மட்டும் அருகில் காட்டி அரை நிமிடம் பதிந்து அனுப்புவேன், பிள்ளைகள் தங்கள் வாயைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

பினாங்குப் பிள்ளைக்குத் தினமும் வாயில் வரும் சொல் ஃபெரி. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவே ஓடும் அந்தப் படகை எல்லோரும் ‘பெரி’ என்றுதான் சொல்வார்கள். உதடு இரண்டும் ஒட்டினால் ஒலி அடைபட்டுவிடும். மேல்பல்லைக் கீழ் உதட்டின் உட்புறம் லேசாக வைத்து மூச்சை விட வேண்டும். வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைக்குத் தன் பல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கைப்பேசியின் முன்கேமராவில் தெரிந்தது. ஒரு மாணவி பதிந்து, பார்த்து, அழித்து, மறுபடி பதிந்திருக்கிறாள். எனக்கு அனுப்பிய காணொலியில் அவள் பல் சரியான இடத்தில் நின்றது. மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற அச்சமில்லாமல் தனியாகப் பழகியதால் வந்த பலன் அது.

அதே மாதங்கள் இன்னொன்றையும் காட்டின. சில காணொலிகள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும். வீட்டில் ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். அதன்பின் அண்ணன், தங்கை என்று முறை வைத்துப் படிப்பார்கள். சில வீடுகளிலிருந்து ஒன்றுமே வரவில்லை. 2021 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை அந்த வீடுகளை எட்டியது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வசதியற்ற பிள்ளைக்குப் பார்ப்பதும் வசதியுள்ள பிள்ளைக்குப் பேசுவதும் என்று பங்கு பிரிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணத்தால் ஃபார்குவார் தெருவுக்கு வெளியே நின்ற பிள்ளையின் நிலையைத்தான் அதில் கண்டேன்.

செயலிகளையும் நம்பியிருக்க முடியாது. மாணவர் பேசிப் பதிவதற்கென்றே இருந்த ஃபிலிப்கிரிட், பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் ஆசிரியர்களுக்குக் கைகொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2024-இல் அதன் தனித்தளத்தை நிறுத்திவிட்டது. வழிமுறை நம் கையில் இருக்க வேண்டும்: ஆசிரியை சிறிதாகப் பேசிக் காட்டுவது, பிள்ளை தனியாகப் பதிவது, தானே கேட்டுத் திருத்துவது, பிறகு ஆசிரியை தமிழில் ஒரு வரி விளக்கம் தருவது. இதை எந்தக் கைப்பேசியிலும் செய்யலாம்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. திறன்பலகைக்கும் கணினிக்கும் பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பணம் திரட்டுகின்றன, நல்ல மனம் படைத்தோர் தருகிறார்கள். அடுத்த கருவியை வாங்குமுன் அவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: இதைக்கொண்டு வகுப்பில் மிகவும் கூச்சப்படும் பிள்ளை ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் ஆங்கிலம் பேசுவாள் என்று கேளுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு இரவல் கைப்பேசியும் இணையத் தரவும் வாங்கிக் கொடுங்கள்.