குற்றம் செயலிலா, பிறப்பிலா? புதுக்கோட்டையும் ரேகைச் சட்டமும்

குற்றவியல் சட்டம் பொதுவாக ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க இரண்டைக் கேட்கிறது: சட்டம் விலக்கிய செயல், அச்செயலின் பின்னிருந்த குற்றமனம். இரண்டும் தனிமனிதரைச் சார்ந்தவை. தண்டனை செயலின் தீங்குக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று 1764இல் வாதிட்ட செசாரே பெக்காரியாவின் செவ்வியல் கோட்பாடும் தனிமனிதரின் செயலையே அளவுகோலாகக் கொண்டது. 1876இல் செசாரே லொம்பிரோசோ முன்வைத்த 'பிறவிக் குற்றவாளி' என்ற கருத்து, ஆய்வின் கவனத்தைச் செயலிலிருந்து செய்தவரின் உடலுக்கு மாற்றியது.

இந்தியாவில் காலனிய அரசு லொம்பிரோசோவுக்கு முன்பே அவ்வழியில் சென்றுவிட்டது. தச்சும் நெசவும் தலைமுறையாக வருவதுபோலத் திருட்டும் வரும் என்ற கணிப்பில் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தையும் உள்ளடக்கியது. அதன்கீழ் மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தினரின் கைரேகை பதியப்பட்டது. மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றனர். வெளியூரில் இரவு தங்க வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடியதாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவருக்கும் இதே விதிதான். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது காவல்துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே காலத்தில் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் கள்ளர் மரபினர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அவர்களது ஆட்சி, சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணையும்வரை நீடித்தது. பிரிட்டிஷ் அரசு அவர்களை மன்னர்களாக மதித்தது. புதுக்கோட்டைக் கள்ளரும் பிரமலைக் கள்ளரும் தனித்தனிப் பிரிவினர், ஆகவே ஒப்பிடலாகாது என்று ஒருவர் மறுக்கலாம். பிரிவுகள் வேறு என்பது உண்மையே. ஆனால் இங்கு எடையிட வேண்டியது இரத்தத்தை அன்று, அமைப்பை. புதுக்கோட்டையில் போர்ப்பணியும் ஊர்க்காவலும் அரசின் அங்கமாயின. அவற்றுக்கு மானிய நிலம் கிடைத்தது. மதுரைப் பகுதியில், ஊரைக் காத்து ஊதியம் பெறும் பாடிகாவல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி ஒழிக்க முனைந்தது. காவலுக்கான ஊதியம் மிரட்டிப் பறிக்கும் பணமாகப் பார்க்கப்பட்டது. நேற்றைய காவல்காரர் இன்றைய சந்தேக நபரானார்.

பிறப்புக் கோட்பாட்டால் இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. சமூகவியல் கோட்பாடுகளால் முடியும். சமூகம் வற்புறுத்தும் இலக்குக்கும் அதை அடைய உள்ள நேர்வழிக்கும் இடையிலான இடைவெளி சமூக நெறியிலிருந்து விலகலை வளர்க்கிறது என்று ராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதினார். பிழைப்பு பறிபோன இடத்தில் திருட்டு ஏன் பெருகலாம் என்பதற்கு இது விடை தருகிறது. விலகல் என்பது செயலின் இயல்பு அல்ல, பிறர் ஒட்டும் முத்திரையின் விளைவு என்று ஹோவர்ட் பெக்கர் 1963இல் வாதிட்டார். திருடாதவரும் ஏன் ரேகை வைக்க நேர்ந்தது என்பது இதனால் விளங்குகிறது. முதல் கோட்பாடு செயலுக்கும் இரண்டாவது முத்திரைக்கும் காரணம் சொல்வதால் இரண்டும் தேவை.

சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் நீங்கியது. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய வழக்கமான குற்றவாளிகள் சட்டம் சமூகத்தை விட்டுத் தனிமனிதரைப் பிடித்தது. ஆயினும் பழைய முத்திரை சிறைக் கையேடுகளில் தங்கியது. பழங்குடிப் பின்னணியைக் கொண்டு ஒருவரை வழக்கமான குற்றவாளியாகக் கருதும் அக்கையேட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று செல்லாதவை என அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் முந்தைய கெட்ட நடத்தை பொதுவாகச் சான்றாகாது என்பது இந்தியாவின் சாட்சியச் சட்டநெறி. ஒருவரது சொந்த நடத்தையே சான்றாகாதபோது, அவர் பிறந்த குலம் சான்றாவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.