பாலைவன விருந்தில் சுழலும் கஃபன்

துபாய்க்குச் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு மாலையைப் பாலைவன முகாமுக்கென ஒதுக்குகின்றன. மணற்குன்றுகளில் வண்டிச் சவாரி, ஒட்டகம், கூடாரம், சுட்ட இறைச்சி, நடுவே ஒரு மேடை. தட்டுகள் நிறையும் நேரத்தில் விளக்குகள் பதித்த பாவாடையுடன் ஒருவர் சுழலத் தொடங்குவார். அதன் பெயர் தன்னூரா. அரபியில் பாவாடை என்றே பொருள். “வாப்பா, இவர் ஏன் சுத்துறார்?” என்று பிள்ளை கேட்டால், “சும்மா ஆட்டம்” என்பதும் “சூஃபிகளின் வணக்கம்” என்பதும் முழு விடையாகா.

இச்சுழற்சியின் வேர் துருக்கியின் கொன்யா நகரில் உள்ளது. மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் 1273 டிசம்பர் 17 அன்று அங்கேதான் வஃபாத்தானார்கள். அவர்களுடைய மகனார் சுல்தான் வலதும் பின்வந்தோரும் மௌலவிய்யா தரீக்காவை ஒழுங்குபடுத்தினர். (ஆலிம்களை நாம் ‘மௌலவி’ என்றழைப்பதும் ‘மௌலா’ என்னும் இதே சொல்லின் வழியேதான்.) அவர்களுடைய ஸமாஃ மஜ்லிஸில் உயரமான கம்பளித் தொப்பி மீஸான் கல்லைக் குறித்தது, கறுப்பு மேலங்கி கப்ரை, வெண்ணிறப் பாவாடை நஃப்ஸின் கஃபனை.

அந்தத் தரீக்காவில் பயிற்சி தொடங்கிய இடம் சமையற்கட்டு. சேர வந்தவர் அதன் வாயிலருகே ஆட்டுத்தோல் விரிப்பில் மூன்று நாள் மண்டியிட்டு, அங்கே நடப்பதைப் பார்த்திருப்பார். பிறகு 1001 நாள் பணிவிடை: பாத்திரம் கழுவுதல், விறகு சுமத்தல், கழிப்பிடம் துப்புரவு செய்தல். சுழலப் பழகியதும் அங்கேதான். பலகையில் அடித்த ஆணியை இடக்கால் விரல்களுக்கிடையே பற்றி, உப்புத் தூவி, அதைச் சுற்றியே திரும்பக் கற்றார்கள். உணவோ பேச்சின்றி உண்ணப்பட்டது.

ஸமாஃ ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு பழையது. உஸ்மானிய ஆட்சியிலேயே 1666இல் இச்சுழற்சி தடை செய்யப்பட்டது. 1684இல் தடை நீங்கியது. தடுத்தவர்களும் அனுமதித்தவர்களும் அதை மார்க்க விவகாரமாகவே கருதி வாதிட்டனர். பொழுதுபோக்காக எவரும் எண்ணவில்லை.

1925இல் துருக்கிக் குடியரசு தர்காக்களையும் தரீக்கா மடங்களையும் சட்டம் போட்டு மூடியது. கொன்யா மடம் அருங்காட்சியகமாயிற்று. 1950களில் சுழற்சி மீண்டும் பொதுவெளிக்கு வந்தபோது பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில்தான் வந்தது. எதிரே டிக்கெட் வாங்கியவர்கள் அமர்ந்தனர். 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. எகிப்திலோ, உஸ்மானியர் காலத்தில் கெய்ரோவுக்கு வந்த மௌலவிய்யாக்களின் வட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. அந்நாட்டில் வெண்மை பல வண்ணமாகி மவ்லிது விழாக்களில் சுழன்றது. பின்னர் உல்லாசப் படகுகளுக்கும் வளைகுடா முகாம்களுக்கும் சென்றது. மின்விளக்குகள் கடைசியாக வந்தவை.

ஸமாஃவை நிபந்தனைகளோடு ஏற்றவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஜுனைத் (ரஹ்) அவர்கள் வலியுறுத்திய நேரம், இடம், தோழமை ஆகிய மூன்றையும் இஹ்யாவில் விளக்குமிடத்தில், உணவு முன்னே இருக்கும் வேளையில் அதில் ஈடுபடுவதால் பயனில்லை என்கிறார்கள். விருந்து மேடைக்கு எதிராக வைக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. அதுவும் ஸமாஃவை மறுத்தவரின் சொல்லன்று.

கொன்யாவில் அந்தச் சமையற்கட்டின் தலைமைச் சமையல்காரர் ஆதிஷ்பாஸ் வலிக்குத் தனியே ஒரு கப்ரு உள்ளது. ஸியாரத்துக்கு வருவோர் அங்கிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துச் செல்கிறார்கள், வீட்டுச் சமையலில் சேர்க்க.