அணைப்பதற்கு முன் ஒரு நகல்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு 'ப்ரோசே வெர்பால்' என்ற சொல் மறந்திருக்காது. திருட்டோ விபத்தோ நடந்தால், அதிகாரி வந்து கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திடும் பத்திரம். அது எழுதி முடியும் வரை அங்கே எதையும் நகர்த்தக் கூடாது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் அப்படி ஒரு பத்திரம் உண்டு. விழுந்த கருவியை எழுப்புவதற்கு முன் அதன் நினைவகத்தை அப்படியே நகல் எடுத்து வைப்பார்கள். அந்த நகலால் ஒரு பெரிய மர்மம் விடுபட்ட கதை இது.

இன்றைய இன்டர்நெட்டின் தாய் ஆர்ப்பாநெட். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் 1969-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் ஐ.எம்.பி. என்ற இயந்திரம் ஒன்று இருந்தது. நம் வீட்டு ரௌட்டரின் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த பி.பி.என். நிறுவனம் அவற்றைச் செய்து, அங்கிருந்தே கண்காணித்தும் வந்தது. முதலில் வந்த ஐ.எம்.பி.க்களின் நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. அதற்குக் 'கோர்' என்று பெயர். அதனால்தான் நினைவக நகலை இன்றும் 'கோர் டம்ப்' என்கிறார்கள்.

1980 அக்டோபர் 27 அன்று அந்த நெட்வொர்க் முழுவதும் திடீரென்று முடங்கியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. இயந்திரங்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. பொறியாளர்கள் தங்கள் கட்டடத்திலேயே இருந்த சில ஐ.எம்.பி.க்களை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். தனியாக இருந்தவரை நன்றாக ஓடின. நெட்வொர்க்கில் இணைத்ததும் பழைய கதைதான்.

ஆனால் நிறுத்துவதற்கு முன் மறக்காமல் நினைவக நகல் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அது வழக்கமான வேலை. அந்த நகலைப் புரட்டியபோது, 50-ஆம் எண் ஐ.எம்.பி.யின் பெயரில் வந்த வழித்தடத் தகவல்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் வரிசை எண்கள் மூன்றே மூன்று: 8, 40, 44. மறுபடியும் 8, 40, 44.

நம் அலுவலகக் கடிதங்களைப் போல ஒவ்வொரு தகவலுக்கும் வரிசை எண் உண்டு. புதியது வந்தால் பழையதை விட்டுவிட்டு, புதியதை அக்கம்பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். எண்கள் 0 முதல் 63 வரைதான். பிறகு மறுபடி 0. கடிகார முள்ளைப் போலச் சுற்றி வருவதால், எது புதியது என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்த விதிப்படி 8-ஐ விட 40 புதியது, 40-ஐ விட 44 புதியது, 44-ஐ விட 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓயாமல் சுற்றின. இந்த வேலைக்கே முன்னுரிமை என்பதால், அண்டை இயந்திரம் இருக்கிறதா என்று விசாரிக்கக்கூட நேரமில்லை. அதனால் இணைப்புகள் அறுந்ததாக அவையே முடிவு கட்டிக்கொண்டன.

மூன்று எண்கள் எப்படி முளைத்தன? இரும எண்ணில் 44 என்பது 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்று உதிர்ந்தால் 001000, அதாவது 8. ஓர் இயந்திரத்தின் நினைவகக் கோளாறில் உதிர்ந்த இரண்டு பிட்கள்தான் நாடளாவிய நெட்வொர்க்கைச் சாய்த்தன. 50-ஆம் எண்ணிலிருந்து வரும் தகவல்களைப் பொருட்படுத்தாதே என்று எல்லா ஐ.எம்.பி.க்களுக்கும் ஒரு சிறு திருத்தம் போட்டதும் நிலைமை சீரானது. எரிக் ரோசன் என்ற பொறியாளர் இதையெல்லாம் விரிவாக எழுதினார். அது 1981-இல் ஆர்.எஃப்.சி. 789 என்ற எண்ணில் வெளியானது.

நான் பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்து நெட்வொர்க் பெட்டி அடிக்கடி படுத்துவிடும். பராமரிப்புக்கு வரும் பையன் சுவிட்சை அணைத்துப் போடுவான். "சரியாயிடுச்சு சார்" என்பான். அடுத்த வாரம் மறுபடி படுக்கும். காரணம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே சாட்சியைத்தான் ஒவ்வொரு முறையும் அவன் அணைத்துவிடுகிறானே!

பழைய கோர் நினைவகம் மின்சாரம் போனாலும் மறக்காது. இன்றைய ரௌட்டரின் வேலை நினைவகம் மின்சாரத்தோடு எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் ரௌட்டர்கள், விழுகிற நேரத்தில் 'க்ராஷ்இன்ஃபோ' என்ற கோப்பை மறக்காத ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கின்றன. ஏறக்குறைய ஒரு மரண வாக்குமூலம். முழு நினைவகத்தையும் வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் வழி உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டை விழுவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டு மோடத்துக்கு இவ்வளவு தேவையில்லை. அடுத்த முறை அது நின்றால், சுவிட்சில் கை வைக்கும் முன் மணி என்ன, எந்த விளக்கு எரிகிறது, எது சிவப்பு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுங்கள். பழுது பார்க்க வருபவரிடம் அதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.