நாயிடம் திரும்பிய இன்சுலின்

1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். செரிமானத்தில் அதற்கு என்ன வேலை என்று பார்ப்பதே நோக்கம். வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகியிருந்த அந்த நாய், அதன்பின் ஆய்வுக்கூடத் தரையையே நனைத்துக்கொண்டிருந்தது. சிறுநீரைச் சோதித்த மின்கோவ்ஸ்கி அதில் சர்க்கரையைக் கண்டார். நீரிழிவின் வேர் கணையத்தில் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

1921இல் டொராண்டோவில் பிரடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையம் எடுக்கப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் அந்தச் சாற்றால் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. ஆய்வு முடிந்ததும் அதையும் கொன்றார்கள். 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதிலிருந்து இன்சுலின் மனிதனின் மருந்தாகிவிட்டது. அதை நமக்குக் கொடுத்த விலங்குக்கு அது திரும்பிப் போன கதையைக் கொல்கத்தாவில் ஒரே சாலையில் பார்க்கலாம்.

அந்தச் சாலை வடக்குக் கொல்கத்தாவின் குதிராம் போஸ் சரணி. அதன் 1ஆம் எண் ஆர்.ஜி.கர் மருத்துவமனை. அதே சாலையில் 68ஆம் எண், 1893இல் பெங்கால் கால்நடைக் கல்லூரியாகத் தொடங்கிய பெல்காச்சியா வளாகம். 1995 முதல் அது மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம். ஒரு முனையில் மனிதனுக்கு எழுதிக்கொடுக்கும் குப்பியை மறுமுனையில் லாப்ரடாருக்கும் எழுதிக்கொடுக்க முடியும். நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் ஒன்றே. மனித இன்சுலின் இவற்றிலிருந்து ஒரே ஓர் இடத்தில்தான் மாறுகிறது. அதனால், பெங்களூரில் பயோகான் ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்து 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மனித இன்சுலின் நாயின் உடலிலும் வேலை செய்கிறது.

கேனிங் தெருவின் பாக்ரி மார்க்கெட், மேத்தா பில்டிங் போன்ற மொத்த வியாபார இடங்களிலிருந்து தெருமுனைக் கடைவரை மருந்துகள் போய்ச் சேரும் ஊர் இது. கடையில் ஒரு கேள்வி கட்டாயம் வரவேண்டும்: ‘நாற்பதா, நூறா?’ இந்தியாவில் 10 மில்லி இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். நாற்பதுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கானதற்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் நாய்க்குள் போவது இரண்டரை மடங்கு. பத்துக் கிலோ ஸ்பிட்ஸ் ஒன்றைக் கொல்ல அது போதும். நாய், பூனைகளுக்கென்றே வந்த கேனின்சுலினும் 40 யூனிட்தான். அமெரிக்காவில் அதற்கான சிரிஞ்சைத் தேடி வாங்க வேண்டும். இங்கே சாதாரண மருந்துக்கடையிலேயே இருக்கிறது. நம் ஊர் நாய்களுக்கு வாய்த்த நன்மை இது.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய குப்பி கொல்கத்தாவின் மே மாத வெயிலையும் தாண்டி வீடு வந்து சேர்கிறது. பலரும் இதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். காலையில் ஒருமுறை இரத்தம் எடுத்து, சர்க்கரை கூடுதலாக இருக்கிறது என்று அளவை ஏற்றுகிறார்கள். ஆனால் இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி, உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஹார்மோன்களைச் சுரந்து, அதனாலேயே காலையில் எகிறியிருக்கலாம். அந்த நாய்க்கு அளவைக் குறைத்திருக்க வேண்டும். ஏற்றினால் அடுத்து வருவது வலிப்பு.

ஆகவே ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். காலை உணவும் ஊசியும் முடிந்ததிலிருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரம். காதின் ஓரத்திலோ உள்உதட்டிலோ ஒரு குத்து, ஒரு சொட்டு. வரைபடத்தில் பார்க்க வேண்டியது மிகத் தாழ்ந்த புள்ளி. அது 80க்கும் 150க்கும் இடையே இருந்தால் நல்லது. 80க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும். மனிதருக்கான குளுக்கோமீட்டர் நாயின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும், ஏனென்றால் நாயின் இரத்தத்தில் சர்க்கரையின் பெரும்பகுதி சிவப்பணுவுக்குள் இல்லாமல் பிளாஸ்மாவில் இருக்கிறது. அளவு மாற்றியபின் உடல் அதற்குப் பழக ஒரு வாரமாவது விடவேண்டும். மருத்துவமனை பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும் நாய்களுக்கு ஃபிரக்டோசமைன் சோதனை இருக்கிறது. அது கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைச் சொல்லும். 14 நாள் தோலில் ஒட்டியிருக்கும் சென்சாரும் வந்துவிட்டது.

விஜயதசமிக்குப் பிறகு வாழ்த்துச் சொல்ல வரும் உறவினர் பாசத்தோடு நீட்டும் ஒரு சந்தேஷ் இனிப்புப் போதும், அந்த வாரத்துக் கணக்கெல்லாம் குலைந்துபோக. தண்ணீர்க் கிண்ணம் எத்தனை முறை காலியாகிறது, எடை இறங்குகிறதா என்பதையும் நோட்டில் எழுதிவைப்பது செலவில்லாத சோதனை. நீரிழிவு நாய்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுக்குள் கண்புரையால் பார்வை இழக்கின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் அதைத் தள்ளிப்போட முடியும்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களின் நிலை வேறு. பருவம் முடிந்தபின் அவற்றின் உடலில் உயரும் புரொஜெஸ்டிரோன், பால் சுரப்பிகளில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைத்து, இன்சுலின் எடுபடாமல் செய்துவிடும். சூலகத்தை அகற்றினால் தேவை சட்டென்று குறையும். சிலவற்றுக்கு ஊசியே வேண்டாமல் போகலாம். அறுவைக்குப் பிந்தைய அந்த வாரங்களில் பழைய அளவை அப்படியே போடாமல், தினமும் சர்க்கரையைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். சோர்ந்து தள்ளாடினால் ஊசியை நிறுத்திவிட்டு, ஈறில் தேன் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.